மூக்குக் கண்ணாடியின் ஜாதகம்

எனக்கு 12 வயது நடந்த கோடை விடுமுறையில், ஒரு நாள் உச்சி வேளையில், எங்கள் வீட்டு முற்றத்தில் குந்தியிருந்த என் தாத்தா தம்முடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தின இரவு எரிந்து கருகிய விளக்குத் திரி ஒன்றைத் தரையில் வைத்து, அதற்கு மேலே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் அந்தக் கண்ணாடியைப் பிடித்து, மெல்ல ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். வலப்பக்கத்து வில்லையின் கீழே பரந்து கிடந்த வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு குன்றிமணி அளவுக்குத் திரண்டது. திரியிலிருந்து நூலிழை போலப் புகை எழுந்தது. இடப்பக்கத்து வில்லையின் கீழே மட்டும் வெளிச்சம் அவ்வளவு சுருங்காமல் ஒரு சிறு வட்டமாகவே நின்றதை நான் பார்த்தேன்; ஆனால் புகையின் குதூகலத்தில் அதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த ஆண்டுதான் எனக்கும் கண்ணாடி போட்டிருந்தார்கள். நானும் என் கண்ணாடியைக் கழற்றி அதே திரிக்கு மேலே பிடித்தேன். ஒரு சாண் உயரத்திலும் பிடித்தேன், இடுப்பளவு உயரத்திலும் பிடித்தேன். எந்த உயரத்திலும் வெளிச்சம் திரளவில்லை. அதற்கு மாறாக, ஒவ்வொரு வில்லையின் கீழும் மங்கலான நிழல் ஒன்று விழுந்து, அந்த நிழலைச் சுற்றி ஒரு பிரகாசமான விளிம்பு தெரிந்தது. இரண்டும் கண்ணாடி, இரண்டுமே பார்வைக்கு உதவுபவை, இரண்டின் மேலும் அடித்தது ஒரே வெயில். அவ்வாறிருக்க ஒன்றில் நெருப்பு இருப்பதும் மற்றொன்றில் இல்லாதிருப்பதும் எதனால்? தாத்தாவைக் கேட்டேன். "உன்னுது தூரத்துக்கு, என்னுது கிட்டத்துக்குடா கண்ணு. மத்ததை உங்க வாத்தியாரைக் கேளு" என்றார்.

கண்ணாடிக் கடையில் நமக்குத் தரும் சீட்டில் இந்தக் கேள்விக்கான விடை முழுவதும் எழுதியிருக்கிறது. ஸ்பியர், சிலிண்டர், ஆக்ஸிஸ், ஆட் என்று நான்கு தலைப்புகள். அவற்றின் கீழே பிளஸ், மைனஸ் குறிகளுடன் சில எண்கள். நம்மில் பெரும்பாலோர் அதை, ஜாதகத்தைப் பெட்டியில் வைப்பதுபோல, மடித்து வைத்துவிடுகிறோம். அதைக் கணிக்கத் தெரிந்தவர் வேறு யாரோ என்பது நம் எண்ணம். உண்மையில் ஒளி வில்லையைப் பற்றிய சொற்கள் மிகச் சிலவே. அவற்றுள் அநேகமாக ஒவ்வொன்றையும் ஓர் அடிக்கோலும் ஒரு ஜன்னலும் கொண்டு வீட்டிலேயே பிரத்தியட்சமாகக் கண்டுவிடலாம்.

லென்ஸ் என்பது லத்தீன் மொழியில் மைசூர்ப் பருப்புக்குப் பெயர். நடுவில் தடித்து ஓரம் மெலிந்த அந்தப் பருப்பின் உருவம் ஒத்திருந்ததால் கண்ணாடித் துண்டுக்கும் அந்தப் பெயர் நிலைத்தது. சந்தன வில்லை, கற்பூர வில்லை என்று நம் வீடுகளில் வழங்கிவந்த சொல்லை எடுத்து நாம் இதற்கு வில்லை என்று பெயரிட்டோம். நடு தடித்தது குவிவில்லை. நடு மெலிந்து ஓரம் தடித்தது குழிவில்லை. தாத்தாவுடையது முன்னது, என்னுடையது பின்னது. விரல்களிடையே வைத்துத் தடவினாலே இந்த வித்தியாசம் தெரியும்.

தடிப்பும் மெலிவும் ஒளியை எப்படித் திருப்புகின்றன என்பதை அறிய, ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும். வெட்டவெளியில் ஒரு விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, சாதாரணக் கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சம் கிலோமீட்டரே செல்கிறது. இந்த இரண்டு வேகங்களின் விகிதத்தைத்தான் ஒளிவிலகல் எண் என்கிறோம். கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 1.5, தண்ணீருக்கு 1.33, வைரத்துக்கு 2.42. வேகம் குறைந்தால் திசை ஏன் திரும்ப வேண்டும்? தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வீதி முனையில் தேரைத் திருப்ப வேண்டுமானால், வடம் பிடிப்பவர்களால் மட்டும் அது ஆகாது. ஒரு பக்கத்துச் சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை கொடுத்து அந்தப் பக்கத்தைத் தாமதப்படுத்துகிறார்கள். மறுபக்கம் தன் வேகத்தில் வர, தேர் தாமதித்த பக்கமாகத் திரும்புகிறது. கண்ணாடியின் மேல் சாய்வாக வந்து விழும் ஒளி அலையின் ஒரு பக்கம் முதலில் உள்ளே நுழைந்து தாமதப்படுகிறது. மறுபக்கம் இன்னும் காற்றிலே விரைந்துகொண்டிருக்கிறது. ஆகவே அலை முழுவதும் முதலில் நுழைந்த பக்கமாகத் திரும்புகிறது. இதையே நாம் ஒளிவிலகல் என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் ஒளிமுறிவு என்கிறார்கள். தண்ணீரில் நட்ட கழி முறிந்தாற்போலத் தோன்றுவதைப் பார்க்கையில், அவர்கள் சொல் கண்முன்னே காட்சியையே நிறுத்துகிறது என்று எனக்குத் தோன்றும்.

ஒளி கண்ணாடியிலும் தண்ணீரிலும் தாமதப்படுகிறது என்பது வெறும் ஊகமா என்று கேட்கலாம். நெடுங்காலம் அது ஊகமாகவே இருந்தது. ஒளியைத் துகள்களின் ஓட்டமாகக் கொண்ட நியூட்டனின் சித்தாந்தப்படி பார்த்தால், தண்ணீரில் ஒளி காற்றில் செல்வதைவிட விரைவாகவே செல்ல வேண்டும். 1850இல் பாரிஸ் நகரில் ஃபூக்கோ என்பவர், அதிவேகமாகச் சுழலும் சிறிய ஆடி ஒன்றிலிருந்து ஒளியைத் தொலைவில் உள்ள வேறோர் ஆடிக்கு அனுப்பித் திரும்ப வரச் செய்தார். ஒளி போய் வருவதற்குள் சுழலும் ஆடி மிகச் சிறிதளவு திரும்பியிருக்குமாதலால், வந்த கிரணம் சற்று விலகி விழும். இடையே தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்தபோது அந்த விலகல் அதிகமாயிற்று. அதாவது ஒளி திரும்பி வர அதிக நேரம் பிடித்தது. இரு நூற்றாண்டு வாதம் ஓர் அறைக்குள் இப்படி முடிவுக்கு வந்தது.

இனி வில்லைக்கு வருவோம். வில்லையின் இரு பரப்புகளும் கோளத்தின் பகுதிகள். சீட்டில் ஸ்பியர் என்று எழுதுவது இதனால்தான். இரு கோளங்களின் மையங்களையும் சேர்க்கும் நேர்கோடு வில்லையின் முதன்மை அச்சு. அந்த அச்சு வில்லையை ஊடுருவும் இடத்தில் இரு பரப்புகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றன. ஆகவே அங்கே புகும் ஒளி, ஜன்னல் கண்ணாடியில் புகுந்ததுபோல், திசை மாறாமலே வெளியேறுகிறது. அதன் பெயர் ஒளி மையம். அதிலிருந்து ஓரத்துக்குச் செல்லச் செல்ல இரு பரப்புகளும் ஆப்பு வடிவமாகச் சரிகின்றன. ஓரத்தை நெருங்க நெருங்கச் சரிவு அதிகம், சரிவு அதிகரிக்க ஒளி திரும்புவதும் அதிகம்.

ஒளி மையம் என்பது படத்தில் மட்டும் உள்ள புள்ளி என்று நினைத்திருந்த எனக்கு, ஒரு முறை புதிதாக வாங்கிய கண்ணாடி அதைத் தலைவலியாக உணர்த்தியது. எண் சரியாக இருந்தும், போட்ட அரைமணிக்கெல்லாம் நெற்றிப் பொட்டு தெறித்தது. ஒரு நாள் மாலை அதைக் கையில் எடுத்து, ஜன்னலின் குறுக்குக் கம்பியும் நெடுக்குக் கம்பியும் சேரும் இடத்தை அதன் வழியே நோக்கி மெல்ல நகர்த்தினேன். வில்லைக்குள் தெரிந்த கம்பியும் வெளியே தெரிந்த கம்பியும் முறியாமல் ஒரே நேராக அமைந்த நிலையில், கம்பிகள் சந்தித்த இடத்தில் மையால் புள்ளி வைத்தேன். இரு வில்லைகளிலும் வைத்த புள்ளிகளுக்கு இடையே 70 மில்லிமீட்டர் இருந்தது. என் கண்மணிகளுக்கு இடையே உள்ளது 62. ஒவ்வொரு கண்ணும் மையத்தை விட்டு ஆப்புச் சரிவின் வழியாகவே உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் நம் மூக்கின் மேல் சிறு அளவுகோலை வைத்து அளப்பது சம்பிரதாயமன்று என்பதை அன்று அறிந்தேன்.

சூரியனைப் போல மிகத் தொலைவில் உள்ள பொருளிலிருந்து இணையாக வரும் கிரணங்களைக் குவிவில்லை ஓரங்களிலிருந்து உள்நோக்கித் திருப்பி, அச்சின் மேல் ஓரிடத்தில் சேர்க்கிறது. அந்த இடம் குவியம்; ஒளி மையத்திலிருந்து அதுவரை உள்ள நீளம் குவியத் தொலைவு. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் ஃபோகஸ் என்னும் சொல்லை 1604இல் தம்முடைய ஒளியியல் நூலில் கணிதச் சொல்லாகக் கையாண்டவர் வானியல் அறிஞர் கெப்ளர். லத்தீனில் அதற்கு அடுப்பு என்று பொருள். நம் நாட்டிலும் இந்த அடுப்பு புதிதன்று. சூரியகாந்தக் கல் பஞ்சைச் சுடுவதில்லை, சூரியனுடைய சந்நிதியிலேதான் சுடுகிறது என்ற உவமையைத் திருமூலர் கையாண்டிருக்கிறார். பௌதிக சாஸ்திரப்படியும் அது முற்றிலும் சரி. வில்லை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. தன்மேல் விழுந்ததை ஓரிடத்தில் கூட்டித் தருகிறது.

திரியின் மேல் விழுந்த அந்த ஒளிமணியைப் பலர் ஒரு புள்ளி என்று கருதுகிறார்கள். அது சூரியனுடைய பிம்பம்; கிரகண காலத்தில் பிடித்துப் பார்த்தால் அதுவும் பிறையாகத் தெரியும். சூரியன் தன் விட்டத்தைப் போலச் சுமார் 107 மடங்கு தொலைவில் இருப்பதால், பிம்பத்தின் விட்டமும் குவியத் தொலைவில் 107இல் ஒரு பங்காக அமைகிறது. 40 சென்டிமீட்டர் குவியத் தொலைவானால் பிம்பம் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 45 மில்லிமீட்டர் அகலமுள்ள வில்லையில் விழுந்த வெயில் முழுவதும் அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கும்போது, வெயில் ஏறத்தாழ 150 மடங்கு உக்கிரமாகிறது. தொலைவில் உள்ளதைப் பெரிதாக எடுக்க விரும்பும் புகைப்படக்காரர் நீண்ட குவியத் தொலைவுள்ள வில்லையைத் தேடுவதும் இதே கணக்கினால்தான்.

என் குழிவில்லை கிரணங்களை வெளிநோக்கித் திருப்புகிறது. நடுவிலிருந்து விலக்கப்பட்ட ஒளி ஓரத்தில் போய்க் கூடியதால்தான் நடுவே நிழலும் சுற்றிலும் பிரகாசமும் விழுந்தன. அந்தக் கிரணங்களைப் பின்னோக்கி நீட்டினால் வில்லையின் மறுபுறத்தில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பியவைபோலத் தோன்றும். அது மாயக் குவியம். உண்மையில் அங்கே ஒளி எதுவும் கூடுவதில்லையாதலால் அங்கே திரியை வைத்துப் பயனில்லை. புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியர் கோல்டிங், தம்முடைய ஒரு நாவலில், கிட்டப்பார்வையுள்ள சிறுவனின் கண்ணாடியைக் கொண்டு தீ மூட்டச் செய்திருக்கிறார். அந்தச் சிறுவனின் கண்ணாடி என்னுடையதைப் போன்ற குழிவில்லை. அதனால் ஒரு சருகைக்கூடப் பற்றவைக்க முடியாது.

சீட்டில் உள்ள எண் என்ன? அதுதான் வில்லையின் திறன். அடுப்பு எவ்வளவு அருகே அமைகிறதோ அவ்வளவு திறன் அதிகம் என்பது பொருள். ஒரு மீட்டரைக் குவியத் தொலைவால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு டயாப்டர் என்ற பெயரை 1872இல் முன்மொழிந்தவர் மோனாயே என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர். ஒரு மீட்டரில் குவிந்தால் 1. அரை மீட்டரில் குவிந்தால் 2. 40 சென்டிமீட்டரில் குவிந்தால் இரண்டரை. குவிவில்லைக்குப் பிளஸ், குழிவில்லைக்கு மைனஸ். குவியத் தொலைவையே நேராகச் சொல்லாமல் இப்படித் தலைகீழாக்குவானேன் என்றால், இரண்டு வில்லைகளை ஒட்டி வைக்கும்போது திறன்களைக் கூட்டினாலே போதும், விடை கிடைத்துவிடும். இன்று என் சீட்டில் ஸ்பியர் மைனஸ் 1.50 என்றும், வெள்ளெழுத்துக்காக ஆட் பிளஸ் 1.50 என்றும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். படிப்பதற்கென்று கீழ்ப்பகுதியில் அமைத்த கண்ணாடி வெறும் கண்ணாடிதான். கிட்டப்பார்வை உள்ளவர்கள் 45 வயதுக்கு மேல் செய்தித்தாளைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றிவிடுவதன் ரகசியம் இந்தக் கூட்டல் கணக்கே.

நம் கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர். அதாவது இவ்வளவு திறனுள்ள வில்லை காற்றில் இருந்தால், அதன் அடுப்பு இரண்டு சென்டிமீட்டருக்கும் உள்ளேயே அமையும். இந்தத் திறனில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டது கண்ணின் முன்புறத்து விழிவெண்படலத்துக்குச் சொந்தம். உள்ளே இருக்கும் விழிவில்லையின் பங்கு எஞ்சியதே. இதற்கு நிரூபணம் குளத்தில் முங்கிக் கண்ணை விழித்துப் பார்த்தவர் எவருக்கும் கிடைத்திருக்கும். படலத்தின் ஒளிவிலகல் எண் தண்ணீரின் எண்ணை ஏறத்தாழ ஒத்திருப்பதால், தண்ணீருக்குள் அது இருந்தும் இல்லாதது போலாகிவிடுகிறது; எல்லாம் மங்கிப்போகிறது. இந்த அனுபவத்தையே ஒரு பரிசோதனை உபகரணமாக மாற்றியவர் இங்கிலாந்தின் தாமஸ் யங். கிட்டவும் எட்டவும் பார்க்கக் கண் தன்னைத் திருத்திக்கொள்வது படலத்தாலா, வில்லையாலா என்ற சந்தேகம் அக்காலத்தில் இருந்தது. அவர் தண்ணீர் நிரப்பிய சிறு குழல் ஒன்றைத் தம் கண்ணோடு பொருத்திப் படலத்தின் வேலையை நீக்கிவிட்டு, அப்போதும் தம்மால் கிட்டவும் எட்டவும் மாற்றிப் பார்க்க முடிவதைக் கண்டு 1801இல் வெளியிட்டார். மாறுவது உள்ளே உள்ள வில்லைதான் என்பது அதனால் தெளிவாயிற்று. 10 வயதுக் குழந்தையின் விழிவில்லை தன்னைத் தடிக்கச் செய்து 10 டயாப்டருக்கும் மேலே திறனைக் கூட்டிக்கொள்ளும். 50ஐத் தாண்டினால் இரண்டு டயாப்டர்கூடத் தேறுவது அரிது. அப்போதுதான் கை நீளவில்லையே என்று தோன்றுகிறது.

தம் கண் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக ஒளியைக் குவிக்கவில்லை என்பதையும் யங் அளந்து கண்டார். அதற்குச் சிதறல் பார்வை என்று பெயர். பந்தின் வளைவு எத்திசையிலும் ஒன்றே. தண்ணீர்க் குடத்தின் இடுப்பிலோ குறுக்கே ஒரு வளைவும் நெடுக்கே வேறொரு வளைவும் இருக்கின்றன. கண் குடத்தை ஒத்திருந்தால் அதற்கு ஈடாக ஒரு திசையில் மட்டும் வளைந்த உருளை வில்லை வேண்டும், அதுவே சிலிண்டர். உருளையை எந்தச் சாய்வில் நிறுத்த வேண்டும் என்பதே ஆக்ஸிஸ். 1825இல் தமக்கே இப்படியொரு வில்லையைச் செய்வித்துக்கொண்டவர் வானியல் அறிஞர் ஏரி. உங்கள் கண்ணாடியில் சிலிண்டர் உண்டா என்று அறிய, அதை எட்டப் பிடித்துக் கதவு நிலையை அதன் வழியே பார்த்தபடி வண்டிச் சக்கரம்போல் சுழற்றுங்கள். நிலை சாய்ந்து ஆடினால் உண்டு.

வில்லையில் ஒளி புகும் வாயின் அகலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். குவியத் தொலைவை அந்த அகலத்தால் வகுத்தால் வருவது காமிராக்காரர்களின் எஃப் எண். தாத்தாவின் வில்லைக்கு அது ஏறக்குறைய 9. காமிராவில் 2, 2.8, 4, 5.6, 8 என்று பொறித்திருப்பதில் ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகிறது. பரப்புப் பாதியாக விட்டத்தை 1.4ஆல் வகுத்தால் போதுமாதலால் எண்கள் அப்படி விசித்திரமாக நடக்கின்றன. வாய் குறுகினால் ஒளி குறையும். ஆனால் முன்னும் பின்னும் உள்ளவையும் ஓரளவு தெளிவாக விழும். இந்தத் தெளிவின் வீச்சைப் புல ஆழம் என்கிறோம். கண்ணாடியை மறந்துவந்தவர் பஸ்ஸின் பெயர்ப் பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது இந்தக் காரியத்துக்காகவே.

இதுவரை சொன்னதெல்லாம் குற்றமற்ற வில்லைக்குப் பொருந்தும். அப்படியொரு வில்லை இல்லை. ஓரத்துக் கிரணங்கள் நடுவில் உள்ளவற்றைவிடச் சற்று முன்னதாகவே கூடிவிடுவது கோளப் பிறழ்ச்சி. நீலம் சிவப்பைவிட அதிகமாகத் திரும்புவதால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அடுப்பு அமைவது நிறப் பிறழ்ச்சி. இதனால் பழைய தொலைநோக்கிகளில் நட்சத்திரங்களைச் சுற்றி வானவில் விளிம்பு தெரிந்தது. குவியத் தொலைவு நீண்டால் இக்குறை தணியுமென்று ஹெவேலியஸ் என்ற வானியல் அறிஞர் டான்சிக் நகரில் 46 மீட்டர் நீளத் தொலைநோக்கியைக் கம்பத்தில் கட்டி நிறுத்தினார். இது வில்லையின் மாறாத சுபாவம் என்று நியூட்டன் தீர்மானித்து, 1668இல் வில்லைக்குப் பதிலாக ஆடியை வைத்துத் தொலைநோக்கி செய்தார். அந்த மாமேதையின் முடிவுக்கு விரோதமாக முயன்றவர் செஸ்டர் மூர் ஹால் என்ற வக்கீல். இருவகைக் கண்ணாடிகளில் ஒரு குவிவில்லையும் ஒரு குழிவில்லையும் செய்து சேர்த்தால், ஒன்று பிரித்த நிறங்களை மற்றொன்று கூட்டிவிடும் என்று அவர் 1730களில் கண்டுகொண்டு, ரகசியம் வெளிப்படாதிருக்க இரு வேறு கடைக்காரர்களிடம் வில்லைகளைச் செய்யக் கொடுத்தார். இருவரும் தனித்தனியே அதை ஒரே தொழிலாளியிடம் கொடுத்தார்கள். இரண்டும் ஒருவருக்கே என்பதை அந்தத் தொழிலாளி அறிந்துகொண்டார். பிறகு 1758இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றவர் டாலண்ட் என்ற வேறொருவர்.

தாத்தா காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய தகரப் பெட்டியில் அந்தக் கண்ணாடி கிடைத்தது, சீட்டு இல்லை. கூடத்தின் விளக்குகளை அணைத்து, தெரு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, முதலில் வலது வில்லையைப் பிடித்துச் சுவரை நோக்கி மெல்ல நகர்த்தினேன். ஒரு நிலையில் எதிர்வீட்டு வேப்பமரம் தலைகீழாக, உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு படமாக, தன் நிறத்தோடு தாளில் வந்து நின்றது. அடிக்கோலை வைத்தேன், 40 சென்டிமீட்டர், ஆகவே பிளஸ் 2.50. அடுத்தது இடது வில்லை. அதே தொலைவில் மரம் மங்கிக் கிடந்தது. இன்னும் கிட்டே கொண்டுபோனேன். 33 சென்டிமீட்டரில் கிளை கிளையாகத் தெளிந்தது. பிளஸ் 3.00. தாத்தாவின் இடக்கண்ணுக்கு அரை டயாப்டர் அதிகம் தேவையாயிருந்தது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. முற்றத்தில் அன்று ஒரு பக்கம் மட்டும் ஏன் திரளவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. வெளியே காற்று வீசியது. தாளில் வேப்பிலைகள் தலைகீழாக அசைந்தன.